எந்தக் கணினிக்கு எந்த இயங்குதளம்? சேலம் வாசகர்களின் கேள்விகள்

இந்த இதழுக்குச் சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆபரேட்டிங் சிஸ்டத்தை, அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான இயங்குதளத்தைச் சுற்றியே இருந்தன. ஒரே சங்கதியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: பேட்ச், டைம் ஷேரிங், மல்டி யூசர், ரியல் டைம், டிஸ்ட்ரிபியூட்டட், நெட்வொர்க் என்று இயங்குதளத்தின் வகைகளை மனப்பாடம் செய்கிறோம். ஆய்வகத்தில் பார்ப்பதோ விண்டோஸ் மட்டும். மற்றவை எல்லாம் எங்கே இருக்கின்றன? விண்டோஸ் இதில் எந்த வகை?
(கல்லூரி மாணவி, ஓமலூர்)

பதில்: அந்தப் பட்டியல் காலவரிசையில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து சேர்ந்த குணங்களின் பட்டியல். ஓர் இயங்குதளத்துக்கு ஒரே நேரத்தில் மூன்று நான்கு குணங்கள் இருக்கும். அதனால் விண்டோஸ் எந்த வகை என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை வராது.

பேட்ச்தான் மூத்தது. 1956-ல் ஐ.பி.எம். 704 இயந்திரத்துக்காக ஜெனரல் மோட்டார்ஸும் நார்த் அமெரிக்கன் ஏவியேஷனும் சேர்ந்து எழுதியதை முதல் இயங்குதளங்களில் ஒன்றாகச் சொல்வார்கள். துளையிட்ட அட்டைக் கட்டுகளை அடுக்கிவைத்தால் ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் தானே எடுத்துக்கொள்ளும். நடுவில் யாரும் எதுவும் கேட்க முடியாது. இன்று பேட்ச் என்று தனி இயங்குதளம் தேடினால் கிடைப்பது அரிது. அந்த வேலைமுறை மட்டும் நிற்கிறது: இரவில் வங்கிக் கணக்குகளுக்கெல்லாம் மொத்தமாக வட்டி போடுவது பேட்ச்தான். உங்கள் விண்டோஸில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் அந்த வம்சம்.

டைம் ஷேரிங் என்பது ஒரே பிராசசரை மில்லிநொடிக் கணக்கில் துண்டு போட்டுப் பலருக்கும் பல வேலைகளுக்கும் பங்கிடுவது. 1961-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்து காட்டினார்கள். 1969-ல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸ் இதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாமே இன்று இந்தப் பங்கீட்டைத்தான் செய்கின்றன. சேலம் ஜங்ஷன் முன்பதிவு கவுண்டரில் இருக்கிற திரை ஒரு முனையம் மட்டுமே. அதற்குப் பின்னால் இருக்கிற மையக் கணினிகள் நெடுங்காலம் ஓபன்விஎம்எஸ் என்ற மல்டி யூசர் இயங்குதளத்தில் ஓடியவை.

மல்டி யூசரில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். விண்டோஸ் 11-ல் பத்துப் பேருக்குக் கணக்கு வைக்கலாம். ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உட்கார்ந்து வேலை செய்ய முடியும். ரிமோட் டெஸ்க்டாப்பில் இன்னொருவர் நுழைந்தால் முன்னால் இருப்பவரின் திரை பூட்டிக்கொள்ளும். பலர் ஒரே நேரத்தில் நுழைய விண்டோஸ் சர்வரோ லினக்ஸோ வேண்டும். நாலு மேசையில் டேலி என்ற கணக்கு மென்பொருள் ஓடுவதைப் பார்த்து 'எங்கள் கணினி மல்டி யூசர்' என்று எழுதிவிடாதீர்கள். அது டேலியின் உரிமம் தருகிற வசதி. இயங்குதளத்தின் கணக்கில் வராது.

ரியல் டைம் என்றால் வேகம் என்று பல கையேடுகள் எழுதுகின்றன. தவறு. குறித்த கெடுவுக்குள் வேலை முடிந்தே தீரும் என்ற உறுதிதான் ரியல் டைம். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிற காரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈரச்சாலையில் பிரேக்கை அழுத்தியதும் சக்கரம் பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்து, நொடிக்குள் பலமுறை அழுத்தத்தை விட்டுப் பிடிக்கிறது ஏ.பி.எஸ். கட்டுப்பாட்டுப் பெட்டி. அந்த ஆணை கொஞ்சம் பிந்தினால், சரியான ஆணையாக இருந்தும் பயனில்லை. இது ஹார்டு ரியல் டைம். அதே காரின் டாஷ்போர்டு திரையில் பாட்டு அரை நொடி திக்கினால் யாரும் சாக மாட்டார்கள், அது சாஃப்ட். இரும்பாலையில் ஓடுகிற தகட்டின் இழுவிசையைப் பிடித்துவைக்கும் கட்டுப்பாட்டுக் கணினிகளும் ஹார்டு வகையே. விஎக்ஸ்வொர்க்ஸ், கியூஎன்எக்ஸ், ஃப்ரீஆர்டிஓஎஸ் ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை.

இதில் என்ன கெடும் என்பதற்கு 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் நல்ல பாடம். முக்கியமான ஒரு வேலைக்குத் தேவையான பூட்டை (பொதுவான ஒன்றை ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் பயன்படுத்துவதற்கான அனுமதி), முக்கியமில்லாத ஒரு வேலை கையில் வைத்துக்கொண்டிருந்தது. நடுத்தர வேலை ஒன்று குறுக்கே புகுந்து, பூட்டு வைத்திருந்ததை ஓடவிடாமல் செய்தது. கெடு தவறியதும் கணினி தன்னைத் தானே ரீசெட் செய்தது, மறுபடி மறுபடி. பூட்டை வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிவிட்டுச் சரிசெய்தார்கள். தேர்வில் 'பிரையாரிட்டி இன்வர்ஷன்' வந்தால் இதையே எழுதலாம்.

டிஸ்ட்ரிபியூட்டட் (பல கணினிகள் ஒன்றாக வேலை செய்வது), நெட்வொர்க் (கணினிகளை இணைத்துக் கோப்பு, பிரிண்டர் பகிர்வது) இரண்டுக்கும் அதிகம் மெனக்கெட வேண்டாம். நாவல் நெட்வேர் போன்ற நெட்வொர்க் இயங்குதளங்கள் தனியாகச் செய்த வேலையை இன்று எல்லா இயங்குதளமும் உள்ளேயே வைத்திருக்கிறது. பல கணினிகளை ஒன்றாகக் கட்டுகிற இடங்களில் ஒவ்வொன்றிலும் லினக்ஸ்தான். மேலே இன்னொரு மென்பொருள் கட்டி மேய்க்கிறது. உலகின் 500 பெரிய சூப்பர் கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்ஸ்.

கேள்வி: கடையில் பில் போடுவதும் டேலியும் ஒரே கணினியில். ஐ3-6100, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. இனி அப்டேட் வராது, புதிதாக வாங்கு என்கிறார்கள். உண்மையிலேயே வாங்கத்தான் வேண்டுமா? லினக்ஸ் போட்டால் செலவில்லை என்கிறான் பையன்.
(மளிகை மொத்த வியாபாரி, செவ்வாய்ப்பேட்டை)

பதில்: டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. லினக்ஸில் அதை ஓட்டச் சுற்றுவழிகள் உண்டு. மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்கிற கணினியில் அந்தச் சோதனை வேண்டாம். உங்களுக்கு விண்டோஸ்தான்.

விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ல் நின்றது. நின்ற அன்றே கணினி நிற்காது. புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க ஆள் இருக்காது, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்னதில்லை. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற கெடுநிரல் பரவியபோது மாட்டியவை, இரண்டு மாதம் முன்பே வந்த அப்டேட்டைப் போடாத கணினிகள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது.

நீட்டிப்பு ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அந்தக் கணக்கோடு 'சிங்க்' செய்ய ஒப்புக்கொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் காசில்லாமல் வரும். அது வேண்டாமென்றால் 30 டாலர். கணினியில் விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேருவதற்கான இணைப்பு தெரியும்.

விண்டோஸ் 11 உங்கள் கணினியில் முறைப்படி ஏறாது. ஐ3-6100 என்பதில் கோட்டுக்குப் பின் வரும் 6 தலைமுறையைக் குறிக்கிறது. இன்டெலில் 8-ம் தலைமுறை முதல்தான் ஒப்புக்கொள்கிறார்கள். கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும், நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்கவிடும் செக்யூர் பூட் வசதியும் வேண்டும். ரூஃபஸ் என்ற, பென்டிரைவில் இயங்குதளத்தை எழுதும் கருவியைக் கொண்டு சோதனைகளைத் தாண்டி ஏற்றித்தர ஆட்கள் இருக்கிறார்கள். ஏறிவிடும். ஆனால் ஆண்டுக்கொருமுறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. ஒவ்வொரு முறையும் அவரையே கூப்பிட வேண்டும். வீட்டில் பாட்டு கேட்கிற கணினிக்குச் செய்யலாம். கணக்குப் புத்தகம் இருக்கிற கணினிக்குக் கூடாது.

ஆகவே நீட்டிப்பில் சேர்ந்து காலத்தை ஓட்டுங்கள். அதற்குள் அலுவலகங்கள் கழித்துவிடும் 8-ம் தலைமுறைக் கணினி ஒன்றை செகண்ட் ஹேண்டில் பாருங்கள். வாங்குமுன் செட்டிங்ஸில் 'டிவைஸ் செக்யூரிட்டி' பகுதியைத் திறந்து செக்யூரிட்டி பிராசசர் பதிப்பு 2.0 என்று காட்டுகிறதா பாருங்கள். 8 ஜிபி ரேமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் போதும். மாற்றுவதற்கு முன் டேலி டேட்டாவை இரண்டு பென்டிரைவில் பேக்கப் எடுத்து, இன்னொரு கணினியில் ரீஸ்டோர் செய்து திறந்தும் பார்த்துவிடுங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நம்பிக் கெட்ட கடைகள் அதிகம்.

இன்னொன்று: கடை யு.பி.எஸ்.ஸில் லேசர் பிரிண்டரைச் சொருகாதீர்கள். சூடேறும்போது அது இழுக்கிற மின்சாரத்துக்கு 600 விஏ யு.பி.எஸ். தாங்காமல் கணினியையும் சேர்த்து அணைத்துவிடும்.

கேள்வி: மகள் படிக்கும்போது கிடைத்த அரசு லேப்டாப் 2 ஜிபி ரேமோடு கிடக்கிறது. விண்டோஸ் 7. எங்கள் தங்கும் விடுதிக்கு மெயில் பார்க்க, ரூம் புக்கிங் பார்க்க மட்டும் வேண்டும். இங்கே நெட் மெதுவு, மழைக்காலத்தில் கரண்டும் சரியில்லை.
(வாசகி, நாகலூர், ஏற்காடு)

பதில்: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ல் முடிவு. கூகுள் குரோமும் 109-ம் பதிப்போடு அதைக் கைவிட்டது. உங்கள் லேப்டாப்புக்குச் சரியான இடம் லினக்ஸ். 2011-ல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பலர் அதை ஒருமுறைகூடத் திறக்கவில்லை. இப்போது அந்தப் பழைய பதிப்பு வேண்டாம், புதிதாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். 22-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸும் நல்லதுதான். அதற்கு 4 ஜிபி ரேம் கட்டாயம்.

மின்ட் 2 ஜிபியில் ஏறும், ஆனால் பிரவுசரில் நாலாவது டேப் திறந்ததும் மூச்சு வாங்கும். முதலில் ஒரு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் வாங்கிச் சேருங்கள். அந்தக் காலத்து லேப்டாப்புகள் 1.5 வோல்ட் ரேம் கேட்பவை. கடையில் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கொடுத்தாலும் வாங்கலாம், அது இரண்டிலும் ஓடும். அடுத்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. இந்த இரண்டையும் செய்தால் பழைய லேப்டாப் என்றே தெரியாது.

கீழே சேலத்துக்கு வரும்போது நல்ல நெட் இருக்கிற இடத்தில் மின்டை நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய 3 ஜிபி. பாதியில் அறுந்த கோப்பை எழுதினால் நிறுவும்போது நடுவழியில் நின்றுவிடும். அதனால் இணையதளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒத்துப்பாருங்கள். 8 ஜிபி பென்டிரைவில் ரூஃபஸ் கொண்டு எழுதுங்கள். அதில் முன்பு இருந்தது எல்லாம் அழியும். லேப்டாப்பை இயக்கியதும் பூட் மெனு கீயைத் தட்ட வேண்டும்: டெல், லெனோவாவில் எஃப்12, எச்.பி.யில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான்; ஆனால் சில மாடல்களில் முதலில் பயாஸுக்குள் (மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் 'எஃப்12 பூட் மெனு'வை எனேபிள் செய்யாவிட்டால் எத்தனை தட்டினாலும் அசையாது.

திறந்ததும் உடனே 'இன்ஸ்டால்' அழுத்தாதீர்கள். பென்டிரைவிலிருந்தே ஓடுகிற அந்த நிலையில் அரை மணி நேரம் வைஃபை, சத்தம், திரை வெளிச்சம், பிரிண்டர் எல்லாவற்றையும் சோதியுங்கள். பிராட்காம் சிப் உள்ள லேப்டாப்புகளில் வைஃபை தெரியாமல் போகும். போனை யு.எஸ்.பி. கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்து), 'டிரைவர் மேனேஜர்' திறந்து டிரைவரை இறக்கினால் வந்துவிடும். பிரிண்டரில் எச்.பி. பெரும்பாலும் சொருகியதும் ஓடும். கேனன் எல்பிபி 2900 வைத்திருந்தால் பொறுமை வேண்டும். லினக்ஸில் அதை வழிக்குக் கொண்டுவருவது தனி வேலை.

கரண்டைப் பற்றி: மின்டின் எக்ஸ்ட்4 கோப்பு முறையிலும் விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸிலும் எழுதப்போவதை முதலில் குறித்துவைக்கும் ஏற்பாடு இருப்பதால் திடீரென அணைந்தாலும் பெரும்பாலும் மீண்டுவிடும். பென்டிரைவுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. 'எஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்காதீர்கள். இடி இடிக்கும் சாயங்காலங்களில் சார்ஜரையும் பிராட்பேண்ட் ஒயரையும் இரண்டையும் கழற்றுங்கள். சார்ஜரை மட்டும் கழற்றி ஒயரை விட்டு மதர்போர்டைச் சுட்டுக்கொள்வது மலையில் வழக்கமான நஷ்டம். அதற்கு எந்த இயங்குதளமும் பொறுப்பேற்காது.

கேள்வி: விண்டோஸ் 11-ம் உபுண்டுவும் ஒரே லேப்டாப்பில் வைத்திருக்கிறேன். உபுண்டுவிலிருந்து திரும்பினால் விண்டோஸில் நேரம் ஐந்தரை மணி பின்னால் இருக்கிறது. விண்டோஸ் டிரைவில் உபுண்டு எதையும் எழுத விடுவதில்லை.
(பொறியியல் மாணவர், கருப்பூர்)

பதில்: மதர்போர்டு கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொண்டு நமக்கான 5.30-ஐத் தானே கூட்டிக்கொள்கிறது. லினக்ஸ் கடிகாரத்தைத் தன் கணக்கில் திருத்திவைக்க, விண்டோஸ் அதை அப்படியே காட்டுகிறது. உபுண்டு டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளைக்கு செட்-லோக்கல்-ஆர்டிசி மதிப்பை 1 என்று கொடுங்கள். இரண்டும் ஒத்துப்போகும்.

இரண்டாவதற்குக் காரணம் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை; தன் மையப் பகுதியான கெர்னலை டிஸ்க்கில் உறங்கவைத்துவிட்டுப் போகிறது. உறங்குகிறவர் வீட்டில் சாமானை நகர்த்த லினக்ஸ் மறுப்பது சரிதான். நகர்த்தினால் கோப்புகள் சிதையும். கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், 'சூஸ் வாட் த பவர் பட்டன்ஸ் டூ' போய் அந்த டிக்கை எடுங்கள். அவசரத்துக்கு ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து உபுண்டுவுக்குப் போகலாம். ரீஸ்டார்ட் எப்போதும் முழு அணைப்பு.

நீங்கள் கேட்காத ஒன்று. செக்யூர் பூட்டையோ பயாஸ் அமைப்பையோ தொடுமுன், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் ரெகவரி கீயை எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள், 48 இலக்கம். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்படும். அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் கீ இருக்கும். இல்லையென்றால் டேட்டா போனது போனதுதான்.

கேள்வி: எலக்ட்ரானிக் ஜக்கார்டு தறிக்கு டிசைனைப் பென்டிரைவில் கொண்டுபோகிறோம். பழைய 8 ஜிபியை எடுக்கிறது. புதிதாக வாங்கிய 64 ஜிபியை எடுக்கவே இல்லை. கணினியில் நன்றாகத் தெரிகிறது.
(புடவை உற்பத்தியாளர், இளம்பிள்ளை)

பதில்: பென்டிரைவ் பழுதில்லை. தறியின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் இருப்பதும் ஓர் இயங்குதளம்தான், எம்பெடட் வகை. ஒரே வேலைக்காக எழுதப்பட்டது என்பதால் தேவைக்கு மேல் எதையும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். இப்படிப்பட்ட பல பெட்டிகளுக்கு ஃபேட்32 என்ற கோப்பு முறை மட்டுமே தெரியும். 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட்டில் வரும். விண்டோஸின் ஃபார்மட் ஜன்னலில் 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தேர்வு தெரிவதும் இல்லை. மல்லுக்கட்டாமல் 8 அல்லது 16 ஜிபி வாங்கி ஃபேட்32-ல் ஃபார்மட் செய்யுங்கள்.

அப்போதும் எடுக்காவிட்டால் கோப்பின் பெயரைப் பாருங்கள். ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும், எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல். ஃபோல்டருக்குள் போடாமல் வெளியே. லினக்ஸ் நிறுவ எழுதிய பென்டிரைவைத் திரும்பத் தறிக்குக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. அதில் பார்ட்டிஷன் (டிரைவின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் அட்டவணை) ஜிபிடி என்ற புதிய முறையில் இருந்தால் பெட்டிக்குப் புரியாது; பழைய எம்பிஆர் முறைக்கு மாற்றிப் புதிதாக ஃபார்மட் செய்ய வேண்டும்.

கேள்வி: 2017 மேக்புக் ஏர் மலிவாக வருகிறது. வாங்கலாமா? மேக்கில் வைரஸே வராதாமே?
(வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்)

பதில்: வரும், விண்டோஸை விடக் குறைவு. அதை விட முக்கியம், அந்த மாடல் 2021-ல் வந்த மான்ட்ரே பதிப்புக்கு மேல் ஏறாது. இன்டெல் சிப் மேக்குகளுக்கு மேக்ஓஎஸ் 26-ஓடு கதை முடிகிறது என்று ஆப்பிளே அறிவித்துவிட்டது. எம்1 அல்லது அதற்குப் பிந்தையது கிடைத்தால் பாருங்கள். விற்பவர் உங்கள் கண்ணெதிரே தன் ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, முழுதாக அழித்துக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஆண்ட்ராய்டும் லினக்ஸ்தான் என்கிறார்கள். அப்படியென்றால் லினக்ஸ் மென்பொருளைப் போனில் போடலாமா?
(பிளஸ் டூ மாணவர், ஆத்தூர்)

பதில்: கெர்னல் மட்டும்தான் லினக்ஸ். அதற்கு மேல் இருக்கிற கட்டுமானம் வேறு என்பதால் நேரடியாக ஓடாது. ஜியோபோனில் வந்த கைஓஎஸ்ஸுக்கும் உள்ளே லினக்ஸ் கெர்னல்தான். அதில் ஆண்ட்ராய்டு ஆப் ஓடாததும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: பத்திரிகை அடிக்கும் அச்சகம். இருபது வருடத்துக்கு முந்தைய டிசைன் மென்பொருள் ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியில் ஓடிக்கொண்டிருந்தது. புதுக் கணினியில் 'இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது' என்கிறது. பழைய கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் எல்லாம் அதில்தான்.
(அச்சக உரிமையாளர், அம்மாப்பேட்டை)

பதில்: உங்கள் மென்பொருளோ அதன் இன்ஸ்டாலரோ 16 பிட் ஆக இருக்க வேண்டும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. கம்பாட்டிபிலிட்டி மோடில் எத்தனை டிக் போட்டாலும் பயனில்லை. புதுக் கணினியில் விர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு கணினியை உருவாக்கும் மென்பொருள்) நிறுவி, உங்களிடம் இருக்கும் எக்ஸ்பி சிடியையும் உரிம எண்ணையும் கொண்டு அதற்குள் எக்ஸ்பி போடுங்கள். 1 ஜிபி ரேம், 20 ஜிபி இடம் ஒதுக்கினால் போதும். நெட்வொர்க் அடாப்டரைக் கட்டாயம் அணைத்துவைக்க வேண்டும். எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலேயே ஆதரவு முடிந்துவிட்டது. கோப்புகளை 'ஷேர்டு ஃபோல்டர்' வழியாக வெளியே எடுக்கலாம்.

மென்பொருளுக்குப் பேரலல் போர்ட்டில் (பழைய பிரிண்டர் துளை) சொருகும் டாங்கிள் என்ற உரிமச் சாவி இருந்தால் இந்த வழி பலிக்காது. அப்போது பழைய கணினியையே நெட் இல்லாமல் ஒரு மூலையில் வைத்திருங்கள். அதன் ஹார்ட் டிஸ்க்கை முழுதாக இமேஜ் எடுத்து, ஓடுகிற இன்னொரு டிஸ்க்கில் ஏற்றிச் சோதித்து எடுத்துவைப்பதை இந்த வாரமே செய்யுங்கள். பமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது ஸ்ரீ, க்ஷ, ஒற்றைக்கொம்பு இரட்டைக்கொம்பு இடம் மாறுகிறதா என்று ஒரு பத்திரிகையையாவது வரி வரியாகப் படித்துப் பாருங்கள், மாப்பிள்ளை பெயர் மாறிப் போய்விடப் போகிறது.